ஸ்கூல விட்டு நின்ன பிள்ளைங்கள திரும்ப படிக்க வைக்கிறது: எங்க சென்டர் அனுபவம்

நான் இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, ஸ்கூல விட்டு நின்ன பிள்ளைங்களுக்குன்னு நடக்குற ஒரு சின்ன சென்டர்ல படிப்பிக்கிறேன். பன்னெண்டு வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் இருக்காங்க, ஆம்பளப் பிள்ளைங்கதான் கூட, பொம்பளப் பிள்ளைங்க கொறைவு, அதுக்கான காரணத்த பிறகு சொல்றேன். இதே மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கணும்னு பதுளை, பசறை, தலவாக்கலை பக்கம் இருந்தெல்லாம் ஆட்கள் கேக்குறாங்க, என்ன புத்தகம், எத்தன மணிக்கு, யாரு காசு தர்றான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் மெசேஜ் போடுறத விட எழுதி வச்சிட்டா நல்லதுன்னு தோணுச்சு.

ஏன் ஸ்கூலுக்கு போகலன்னு கேட்டா எல்லா பிள்ளையும் ஒரே பதில்தான் சொல்லும், வீட்ல கஷ்டம். அது பொய் இல்ல. 2020ல கொரோனாவுக்கு ஸ்கூல் மூடுனப்போ சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறுனது எங்க பக்கத்து பிள்ளைங்கதான், வீட்ல ஒரு போன், மூணு பிள்ளை, டேட்டா போட காசு இல்ல, அப்படியே விட்டு போச்சு. ஸ்கூல் தொறந்து மூச்சு விடுறதுக்குள்ள 2022 பொருளாதார நெருக்கடி வந்துருச்சு, கோதுமை மா வில ஏறி காலையில ரொட்டி தட்டவே யோசிக்கிற நிலைமை, பதிமூணு வயசு பையன் கொழும்புக்கு கடை வேலைக்கு போனா வீட்ல ஒரு வயிறு கொறையும், கொஞ்சம் காசும் வரும்னு எத்தனயோ வீட்ல முடிவு எடுத்தாங்க. ஆனா அதே லயத்துல (தோட்டத்து வரிசை வீடு), அதே கஷ்டத்துல, அடுத்த காம்பராவுல இருக்குற பிள்ளை ஸ்கூலுக்கு போயிட்டுதான் இருக்கு. அப்போ இந்தப் பிள்ளை மட்டும் ஏன் நின்னுச்சு? பழகி, பேசி, கொஞ்ச மாசம் போன பிறகுதான் அது மெதுவா வெளிய வரும். வாசிக்க தெரியாது.

இதத்தான் நான் எல்லாருக்கும் மொதல்ல சொல்றது. பிள்ளை ஸ்கூல விட்டது ஏழாம் ஆண்டுலயா இருக்கும், எட்டாம் ஆண்டுலயா இருக்கும், ஆனா படிப்பு விட்டுப் போனது ரெண்டாம் மூணாம் ஆண்டுலயே. நம்ம நாட்டுல பிள்ளைய வகுப்புல நிறுத்தி வைக்கிற வழக்கம் இல்ல, தெரிஞ்சாலும் தெரியாட்டியும் வருசா வருசம் மேல ஏத்திருவாங்க. அஞ்சாம் ஆண்டு வந்தா ஸ்கொலர்ஷிப் பரீட்சை, பாஸ் பண்ணக்கூடிய பிள்ளைங்கள வச்சு காலையில கிளாஸ், பின்னேரம் கிளாஸ், மத்த பிள்ளைங்க பின்னால உக்காந்து போர்ட்ட பாத்து எழுதும். தோட்டத்து ஸ்கூல் நெறைய அஞ்சாம் ஆண்டோட முடிஞ்சிரும், ஆறாம் ஆண்டுக்கு டவுன் ஸ்கூலுக்கு போகணும், மூணு நாலு கிலோமீட்டர் நடை இல்லாட்டி பஸ், புது இடம், பாடத்துக்கு ஒரு டீச்சர், வரலாறு, விஞ்ஞானம், புவியியல் எல்லாமே வாசிச்சாதான் நடக்கும். அங்கதான் பிள்ளை மாட்டிக்குது.

இதுல ஒரு விசயம், இந்தப் பிள்ளைங்களோட கொப்பிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு பையன் பழைய வரலாறு கொப்பி கொண்டு வந்தான், முத்து முத்தா எழுத்து, தலைப்புக்கு சிவப்பு பேனையில கோடு, டீச்சர் ரைட் போட்டு கையெழுத்தும் வச்சிருக்காங்க. இத வாசிச்சு காட்டு தம்பின்னு சொன்னா தலைய குனிஞ்சிட்டான். அவன் எழுதுனத அவனாலயே வாசிக்க முடியாது. போர்ட்ல இருக்குறத படம் வரையுற மாதிரி பாத்து எழுதியிருக்கான், வருசக்கணக்கா. யாரும் கண்டுபிடிக்கல, ஏன்னா கொப்பி முழுசா இருந்துச்சு.

இப்போ அந்தப் பிள்ளை கிளாஸ்ல எப்படி இருப்பான்னு யோசிங்க. ஒவ்வொருத்தரா எழும்பி வாசிங்கன்னு டீச்சர் சொன்னதும் மூணாவது மேசையில இருக்கும்போதே இவனுக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிரும். தன் முறை வர்றதுக்கு முன்னால பக்கத்துல இருக்குறவன ஒரு அடி அடிப்பான், இல்லாட்டி சத்தமா சிரிப்பான், டீச்சர் வெளிய நில்லுன்னு சொல்லுவாங்க, போய் நிப்பான், தப்பிச்சிட்டான். இப்படி நாலு தடவ நடந்தா அவன் பேரு குழப்படிக்காரன். அதுக்கு பிறகு அவன பத்தி எல்லாரும் பேசுறது குழப்படிய பத்திதான். எங்ககிட்ட வந்த குழப்படிக்கார பிள்ளைங்கள்ல வாசிப்பு வந்த பிறகும் அதே குழப்படியோட இருந்தது ரொம்ப கொறைவு. அதனாலதான் ஒழுக்கம், கவுன்சலிங், மோட்டிவேஷன் ஸ்பீச் இதையெல்லாம் விட எழுத்து கத்துக்குடுக்குறதுதான் முதல் வேலைன்னு நான் அடிச்சு சொல்றேன். பதினாலு வயசு பிள்ளைக்கு வெக்கம் இல்லாம எழுத்து கத்துக்குடுக்குறது, அவ்வளவுதான் எங்க சென்டரோட வேலை, மத்ததெல்லாம் அதச் சுத்தி வர்றது.

வெக்கம் இல்லாமன்னு சொன்னேன்ல, அது எடத்துல இருந்தே ஆரம்பிக்குது. தோட்டத்துல எங்களுக்கு பழைய பிள்ளைக் காம்பராவ தர்றோம்னு சொன்னாங்க, நல்ல கட்டடம், தண்ணி வசதியும் இருந்துச்சு, ஆனா நாங்க வேணாம்னு சொல்லிட்டு கோயிலுக்கு பக்கத்துல இருந்த பழைய மண்டபத்த கேட்டு வாங்குனோம். கைக்கொழந்தைங்கள விடுற எடத்துக்கு மீச மொளைக்கிற பையன் எப்படி நடந்து போவான்? லயமே பாத்துக்கிட்டு இருக்கும். அதே மாதிரி டைம். ஸ்கூல் பிள்ளைங்க யூனிஃபோம் போட்டு ஏழு மணிக்கு ரோட்டுல போகும்போது இவங்கள எதிர்ல நடக்க விடக்கூடாது. அதனால எட்டரைக்குத்தான் தொறப்போம், ஸ்கூல் விட்டு பிள்ளைங்க திரும்புறதுக்கு முன்னால ஒரு மணிக்கெல்லாம் முடிச்சிருவோம். வந்த ஒடன பிளேன் டீயும் ரொட்டியும், இல்லாட்டி அவிச்ச கிழங்கு. காலையில சாப்பிடாம வர்ற பிள்ளை கூட, அத கேட்டு தெரிஞ்சிக்க வேண்டிய அவசியம் இல்ல, எல்லாருக்கும் குடுத்தா முடிஞ்சது.

புதுசா வர்ற பிள்ளைக்கு மொத வாரம் புத்தகமும் இல்ல, டெஸ்ட்டும் இல்ல. சும்மா வந்து உக்காரட்டும், தச்சு மேசையில வேலை பாக்கட்டும், டீ ஊத்தட்டும். அந்த வாரத்துக்குள்ள தனியா, வேற யாரும் இல்லாத நேரமா பாத்து, எது வரைக்கும் வாசிக்க வருதுன்னு நான் பாத்துருவேன். ஒரு சின்ன அட்டைதான், மேல தனி எழுத்து, அடுத்து ரெண்டு எழுத்து சொல், அடுத்து புள்ளி எழுத்து வர்ற சொல், அடுத்து ஒரு வசனம், கடைசியா ஒரு சின்ன பந்தி. எந்த படியில நாக்கு நிக்குதோ அங்கயே அட்டைய எடுத்துருவேன், முடியாதத முழுசா வாசிக்க சொல்லி பாக்குறதே இல்ல. அந்த ரிசல்ட்ட யாருக்கும் சொல்றதும் இல்ல, அம்மா அப்பாவுக்கு கூட.

இனி எழுத்து. முதலாம் ஆண்டு புத்தகத்த பெரிய பிள்ளை கையில குடுக்காதீங்க, தயவு செஞ்சு. ஆடு மாடு படம் போட்ட புத்தகத்த தம்பி தங்கச்சி பாத்துட்டா அன்னையோட அந்தப் பிள்ளை வராது. நாங்க அ ஆ இ ஈயில ஆரம்பிக்கிறதும் இல்ல. ட, ப, ம, ய, ர, க, ல, ன, ண, ச, ள இப்படி அகர எழுத்துங்களும் அதுக்கு புள்ளி வச்ச எழுத்துங்களும் மட்டும் மொதல்ல. இத வச்சே என்னென்ன வாசிக்கலாம் தெரியுமா? படம், பட்டம், மரம், லயம்னு தொடங்கி சம்பளம் வாசிக்கலாம். கண்டக்டர் வாசிக்கலாம். ஒரு ஹ மட்டும் சேத்துட்டா ஹட்டன்னு வாசிக்கலாம். சம்பளம்ங்கிற சொல்லுல கொம்பு இல்ல, கால் இல்ல, சுழி இல்ல, ஆனா பெரிய மனுசங்க சொல். பஸ் போர்டுல ஹட்டன்னு தமிழ்ல எழுதியிருக்குறத மொத தடவ தானா வாசிச்சிட்டு வந்து, டீச்சர் அது எப்பவும் அங்கதான் இருந்துச்சான்னு ஒரு பையன் கேட்டான். இருந்துச்சுடா தம்பி, நீ பொறக்குறதுக்கு முன்னாலயே இருந்துச்சு.

பிறகு கால் போட்ட எழுத்து, இ ஈ. அதுவரைக்கும் சுகமா போகும். மொத தடை உ ஊவுல வரும், ஏன்னா கு ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு வேற மாதிரி, ஒரே அடையாளம் எல்லா எழுத்துக்கும் வராது. அத ஒவ்வொண்ணா தனி எழுத்தா பழக்கணும், விதி சொல்லி பிரயோசனம் இல்ல. பெரிய தடை கொம்புல. கெ, கே, கை மூணுலயும் அடையாளம் முன்னால நிக்குது, ஆனா வாயில சத்தம் பின்னால வருது. கொ, கோ வந்தா ரெண்டு பக்கமும் நிக்குது. இடமிருந்து வலமா ஒழுங்கா வாசிக்க பாக்குற பிள்ளைக்கு மொதல்ல கொம்புதான் கண்ணுல படும், அத என்ன செய்றதுன்னு தெரியாம நிக்கும். மூணாம் ஆண்டுல வாசிப்பு நின்னு போன பிள்ளைங்கள்ல நெறைய பேர் நின்னது சரியா இந்த எடத்துலதான், அட்டைய வச்சு பாக்க பாக்க எனக்கு அது விளங்குச்சு. கொம்பு எழுத்துங்கள கடைசிக்கு வச்சு, தினமும் பத்து நிமிசம், பத்து நிமிசத்துக்கு மேல இல்ல, எழுத்த விரலால மூடி தொறந்து பழக்குறோம். சில பிள்ளைக்கு ஒரு மாசம், சில பிள்ளைக்கு நாலஞ்சு மாசம். அவசரப்பட்டா முழுசா கெட்டுரும்.

இன்னொரு வழியும் இருக்கு, இது எங்க மலையகத்துலதான் முடியும்னு நெனைக்கிறேன். மாசி மாசம் ரதி மன்மதன் கதைய ஆடிப் பாடுற காமன் கூத்து நடக்குற தோட்டம்னா, ஸ்கூல்ல ஒரு கவிதை பாடமாக்க முடியாத பையன் கூத்துல ரதிக்கோ மன்மதனுக்கோ வேசம் கட்டி விடிய விடிய பாடுவான். அவ்வளவு பாட்டும் மனசுல இருக்கு. நாங்க என்ன செய்றோம்னா அவன பாட சொல்லி, அவன் வாயில இருந்து வர்றத அப்படியே எழுதி, அத அவன் கையில குடுக்குறோம். அடுத்த சொல் என்னான்னு அவனுக்கு ஏற்கனவே தெரியும், அதனால எழுத்த பாத்து பயப்பட மாட்டான், விரல் வச்சு சொல்லுக்கு சொல் பொருத்திக்கிட்டு போவான். தப்பு மேளம் அடிக்கிற பையன் ஒருத்தன் இப்படித்தான் கொம்ப தாண்டுனான். பாட்டு எழுதுன அந்த கொப்பிய வீட்டுக்கு கொண்டு போனான், அவன் தாத்தா விட்டு போன நாலு வரிய சொல்லி சேக்க சொன்னாராம், அத அவனே எழுதிட்டு வந்தான், எழுத்துப் பிழையோடதான், ஆனா சொந்தமா.

கணக்குக்கு அந்தப் பாடு இல்ல. கொழும்புல கடையில நின்னுட்டு வந்த பையன் மிச்ச காச மனசுலயே போட்டு குடுப்பான், நம்மள விட வேகம், சிங்களத்துலயும் சொல்லுவான். அவனுக்கு இல்லாதது கணக்க பேப்பர்ல எழுதுற முறை மட்டும்தான். நாங்க தோட்டத்து சம்பளத் துண்டதான் பாடமா எடுத்துக்கிட்டோம். 2024ல வந்த நாள் சம்பளம் 1350ன்னு வச்சா 25 நாளைக்கு 33,750. அதுல ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) நூத்துக்கு 8 புடிச்சா 2,700. தோட்டம் தன் பங்குக்கு நூத்துக்கு 12 போடணும், 4,050. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) நூத்துக்கு 3, அது 1,012.50, அது சம்பளத்துல கழியாது, தோட்டம் கட்டுறது. சதவீதம்னா என்னான்னு ஏழாம் ஆண்டுல விளங்காத பிள்ளைக்கு அம்மாவோட துண்டுல ஒடன விளங்குது, ஏன்னா அது அம்மா மலையில நின்ன காசு. தீபாவளி அட்வான்ஸ் எத்தன மாசத்துக்கு எவ்வளவு கழியுதுன்னு ஒரு பொம்பளப் பிள்ளை அம்மாவுக்கு கணக்கு போட்டு காட்டிட்டு வந்து சொன்னப்போ அவ மொகத்த பாத்திருக்கணும். வீட்ல அந்தப் பிள்ளையோட மதிப்பே மாறிருச்சு, அது வரைக்கும் அவ படிப்பு நின்ன பிள்ளை, அன்னையில இருந்து துண்டு பாக்குற பிள்ளை.

வீட்டுக்கு போறத பத்தியும் சொல்லணும். போகாம இந்த வேலை நடக்காது. ஆனா காலையில போகாதீங்க, பெரட்டுக்கு, அதாவது காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற எடத்துக்கு, போற அவசரம். பறிச்ச கொழுந்த தராசுல நிறுத்துட்டு, பொம்பளைங்க வீட்டுக்கு வந்து கை கால் கழுவி ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம், அஞ்சரை ஆறு மணி, அதுதான் சரி. பத்தாம் திகதி சம்பள நாள் வேணவே வேணாம். அம்மா வெளிநாட்டுல இல்லாட்டி கொழும்புல வீட்டு வேலையில இருந்தா அந்த வீட்ல முடிவு எடுக்குறது அப்பாயியோ அம்மாயியோதான், அவங்க கூட உக்காந்து பேசணும். அப்பா இருந்தாலும் அவங்க பேச்சுதான் நடக்கும். பிள்ளைக்கு என்ன தெரியாதுன்னு அங்க போய் பேசாதீங்க. இன்னைக்கு மேசைக்கு கால் வச்சான் அம்மாயி, சரியா அளந்து வெட்டியிருக்கான், அதச் சொல்லுங்க. ஸ்கூல்ல இருந்து வீட்டுக்கு வந்த செய்தி எல்லாம் அதுவரைக்கும் கொறையா மட்டும்தான் வந்திருக்கும், நல்ல செய்தி கேட்டு அவங்களுக்கு பழக்கமே இல்ல, மொதல்ல நம்பக்கூட மாட்டாங்க.

ஒரு பிள்ளை வரலன்னா அன்னைக்கே, பத்து மணிக்குள்ள யாராவது ஒருத்தர் போகணும், நாளைக்கு பாக்கலாம்னு வைக்கக்கூடாது. நாங்க பாத்த வரைக்கும் மூணு நாள் தொடர்ந்து வராத பிள்ளைய கொண்டு வர்றது புது பிள்ளைய கொண்டு வர்றத விட கஷ்டம். போய் ஏன் வரலன்னு கேக்குறதில்ல, உன் அலுமாரி கதவு பாதியில நிக்குது, நீ வந்தாதான் முடியும்னு சொல்றோம். உண்மையாவே பாதியில நிக்கணும், அதுக்காகவே ஒரே நாள்ல முடியாத வேலையா குடுக்குறோம். தச்சு வேலை, தையல், போன் ரிப்பேர், பின்னால ரெண்டு பாத்தியில லீக்ஸ். பதினொரு மணிக்கு பிறகு இதுதான்.

கண் விசயத்த மறந்துறாதீங்க. போர்ட் தெரியாத பிள்ளைங்க எங்ககிட்ட வந்திருக்காங்க, பதிமூணு வயசு வரைக்கும் யாரும் பாக்கல. ஸ்கூல்ல மெடிக்கல் நடக்குறதுதான், ஆனா அன்னைக்கு அந்தப் பிள்ளை வந்திருக்காது, வராத பிள்ளைங்கதானே இவங்க. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு கண்ணாடி போட்ட பிறகு எதிர்த்த மலையில கொழுந்து எடுக்குறவங்க தனித்தனி ஆளா தெரியுறாங்கன்னு சொன்னா. அவளுக்கு படிப்பு வராதுன்னு முடிவு கட்டிட்டாங்க, பாருங்க. காது, ரத்தம் கொறைவு ரெண்டையும் கூடவே பாத்துருங்க.

பேப்பர் வேலை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை இன்னமும் இருக்கு, இருந்தாலும் அம்மா பேரு ஒண்ணுல லெச்சுமி, இன்னொண்ணுல லட்சுமின்னு இருக்கும். 2025 நவம்பர்ல டித்வா புயலுக்கு மண்சரிவுல வீடு போன குடும்பங்களுக்கு இருந்த பேப்பரும் மண்ணோட போச்சு. மறுபிரதி பிரதேச செயலகத்துல எடுக்கலாம், பதிவே இல்லன்னா காலம் கடந்த பதிவுக்கு கிராம சேவகர்கிட்ட இருந்து தொடங்கணும். பதினஞ்சு வயசு முடிஞ்சா ஐடி கார்டுக்கு போடணும், ஸ்கூல்ல இல்லாத பிள்ளைக்கு அதுவும் கிராம சேவகர் மூலமாத்தான். பழைய ஸ்கூல்ல விடுகைப் பத்திரம் வாங்கி வைங்க. இந்த ஓட்டத்த பிள்ளை வந்த மொத மாசமே தொடங்கிருங்க, ஏன்னா பரீட்சைக்கு போடுற நேரத்துல தொடங்குனா அந்த வருசம் போயிரும்.

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. கட்டாயக் கல்வி வயசு 14ல இருந்து 2016ல 16 ஆச்சு, வேலைக்கு வைக்கிற கொறஞ்ச வயசும் 2021ல 16 ஆச்சு. பதினாறுக்கு கீழ பிள்ளைய கடையில வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா 1929க்கு சொல்லலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. வலயக் கல்விக் காரியாலயத்துல முறைசாராக் கல்விப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அவங்கள மொதல்லயே போய் பாத்து பதிஞ்சுக்கிட்டா பிள்ளைய ஸ்கூலுக்கு திருப்பி அனுப்புறப்போ ஒரு கை உதவி கெடைக்கும். இங்கிலாந்துல இதுக்குன்னு தனி ஏற்பாடே இருக்கு, 1996 கல்விச் சட்டத்துல 19வது பிரிவு, ஸ்கூல்ல இருந்து வெலக்குன பிள்ளைக்கும் நோயால போக முடியாத பிள்ளைக்கும் உள்ளூராட்சி பொருத்தமான படிப்பு ஏற்பாடு செஞ்சே ஆகணும், வெலக்குனா ஆறாவது ஸ்கூல் நாள்ல இருந்து முழு நேரப் படிப்பு கெடைக்கணும். அத வாசிச்சப்போ எனக்கு பொறாமையா இருந்துச்சு. அங்க அந்தப் பிள்ளை யாரோ ஒருத்தரோட பொறுப்பு, கேக்குறதுக்கு ஒரு கதவு இருக்கு. இங்க யாரும் வெலக்குறதும் இல்ல, வான்னு கூப்பிடுறதும் இல்ல, இடாப்புல (வரவுப் பதிவு) பேரு வெட்டுறதோட முடிஞ்சு போகுது.

எங்க பிள்ளைங்க எங்க போறாங்கன்னு கேப்பீங்க. பதினாலுக்கு கீழ இருந்தா முடிஞ்ச வரைக்கும் ஸ்கூலுக்கே திருப்பி அனுப்புறோம், ஆனா வாசிப்பு நின்னு நிதானமா வந்த பிறகுதான், அதுக்கு முன்னால அனுப்புனா அதே மூணாவது மேசைக்குத்தான் போகும். அனுப்புறதுக்கு முன்னால பிரின்சிபல பாத்து ஒரே ஒரு விசயம்தான் கேப்பேன், மொத மாசம் சத்தமா வாசிக்க சொல்லாதீங்க சேர், அவனா கை தூக்குவான். நல்லா ஏத்துக்கிட்ட பிரின்சிபல்மாரும் இருக்காங்க, இந்தப் பிள்ளை வந்தா ஸ்கூலோட ஓலெவல் (பதினோராம் ஆண்டு பரீட்சை) ரிசல்ட் கெட்டுரும்னு மொகம் சுளிச்சவங்களும் இருக்காங்க. பெரிய பிள்ளைங்கள்ல சிலர் ஓலெவல் ஸ்கூல் மூலமா இல்லாம தனியார் பரீட்சார்த்தியா எடுக்குறாங்க, தமிழ், சமயம், கணக்குன்னு தொடங்கி. ஓலெவல் எழுதி சரி வராத பிள்ளைக்கு 13 வருட உத்தரவாதக் கல்வி இருக்கு, 2017ல தொடங்குனது, அந்த தொழில் பிரிவு இருக்குற ஸ்கூல் பக்கத்துல இருந்தா ரிசல்ட் எப்படி இருந்தாலும் சேரலாம். மத்தவங்க தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா (அரசாங்கத்தோட தொழில் பழகுனர் பயிற்சி சபை) கோர்ஸ்களுக்கு போறாங்க, என்விகியூங்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கெடைக்கிற மாதிரி.

ஆனா ஒண்ணு. இவனுக்கு படிப்பு வராது, ஒரு தொழில பழக்கி விடுங்கன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். தொழில் நல்லது, எங்க மண்டபத்துல பாதி எடம் தச்சு மேசைதான். ஆனா வாசிக்க தெரியாம தொழிலுக்கு போன பிள்ளை அங்கயும் இதே மாதிரி மறைஞ்சு மறைஞ்சுதான் நிக்கும், வயர் பெட்டியில இருக்குற எழுத்த வாசிக்க தெரியாம எலக்ட்ரீசியன் ஆக முடியாது. தோட்டத்து பிள்ளைன்னா கைவேலை போதும்னு நெனைக்கிறவங்க தன் பிள்ளைக்கு அப்படி நெனைக்கிறதில்ல. மொதல்ல எழுத்து, பிறகு அந்தப் பிள்ளை எது வேணும்னு சொல்லட்டும்.

பொம்பளப் பிள்ளைங்க ஏன் கொறைவுன்னு சொல்றேன்னு சொன்னேன். அவங்க நின்னா வெளிய தெரியாது. பையன் நின்னா ரோட்டுல நிப்பான், கண்ணுல படுவான், பொம்பளப் பிள்ளை நின்னா வீட்டுக்குள்ள தம்பி தங்கச்சிய பாத்துக்கிட்டு, விறகு தண்ணின்னு இருக்கும், யாருக்கும் அது பிரச்சினையாவே தோணாது. வயசுக்கு வந்த பிறகு காட்டு பாதையில தனியா அனுப்ப பயம், ஸ்கூல்ல டொய்லெட்டுக்கு தண்ணி இல்ல, அம்மா வெளிநாட்டுல. பதினாறுல கல்யாணம் மாதிரி கூட்டிக்கிட்டு போறதும் நடக்குது, சட்டத்துல 18 ஆனாலும். இதுக்கு எங்ககிட்ட இன்னும் முழு பதில் இல்ல. கைக்கொழந்தையோட வரலாம்னு சொன்னோம், தம்பியவும் கூட்டிக்கிட்டு வான்னு சொன்னோம், அதுல கொஞ்ச பேர் வந்தாங்க. சனிக்கிழம பின்னேரம் பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும்னு தையல் மெஷின வச்சு வைக்கிறோம், தையல்னு சொன்னா வீட்ல விடுறாங்க, வந்த பிறகு பாதி நேரம் வாசிப்பு. வீட்டுக்கும் அது தெரியும், தெரிஞ்சும் விடுறாங்க.

எல்லாரும் நிக்கிறதில்ல. நல்லா வாசிக்க தொடங்குன பையனே சித்தப்பா கூப்பிட்டாருன்னு ஒரு நாள் காலையில கொழும்பு பஸ் ஏறிருவான், நுவரெலியா பக்கம் கரட் கழுவுற வேலைக்கு போயிருவான். தடுக்க பாப்போம், சில நேரம் முடியாது. போனாலும் நம்பர் வச்சிருப்போம், வொய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டேன், எழுத்துலதான் அனுப்புவேன், சின்னதா ரெண்டு வரி. பதில் எழுத்துலயே வரும், கொஞ்ச நாள் கழிச்சாவது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தா மண்டபத்துக்கு வந்துட்டு போவாங்க, அதுல சிலர் திரும்ப போகாம நின்னுட்டதும் உண்டு.

உதவி செய்யணும்னு கேக்குறவங்களுக்கு. பேக், கொப்பி, கலர் பென்சில் எங்ககிட்ட போதுமான அளவு இருக்கு, வருசா வருசம் யாராவது கொண்டு வர்றாங்க. பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுக்க நாங்க விடுறதில்ல, ஸ்கூல விட்டு நின்ன பிள்ளைன்னு ஃபேஸ்புக்ல மொகம் வந்தா அந்தப் பிள்ளை அடுத்த நாள் வராது. எங்களுக்கு வேணும்னு கேக்குறது கண் பரிசோதனைக்கு ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கூட்டிக்கிட்டு போக வாகனம், ரெண்டாவது தையல் மெஷின், அப்புறம் வாரத்துல ஒரு நாள், ஒரே நாள் போதும், ஆனா வருசம் முழுக்க விடாம வந்து ரெண்டு பிள்ளையோட பக்கத்துல உக்காந்து விரல் வச்சு வாசிக்க ஒரு ஆள். ஓலெவல் முடிச்சிருந்தா போதும், டீச்சரா இருக்கணும்னு இல்ல. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் யாரும் இல்ல.